பிறந்த வீட்டுக் கோடி

கீழ்க்கடலின் விளிம்பில் கதிரவன் உருக்கிய செம்புபோல் எழுந்து, புதுவை நகரின் வெண்சுவர் மாளிகைகள்மேலும், உப்பளத்துப் பழந்துறையின் சிதைந்த தூண்கள்மேலும் தன் முதற்கதிர்களைச் சிந்திய ஆடித் திங்கள் காலை அது. நகருக்குத் தெற்கே, வீராம்பட்டினத்தையும் கடந்து கிடக்கும் சங்குமேடு என்னும் மீனவர் சிற்றூரில், மணல்மேல் ஏற்றிய படகுகள் உண்டு களைத்த சுறாக்கள்போல் ஒருக்களித்துக் கிடந்தன. அம்மன் கோயில் முற்றத்தில் தேருக்குக் கால் நாட்டி, வேப்பிலைத் தோரணம் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டும் தொடங்கியிருந்தார்கள். இத்துணை அழகிய காலையிலா அக்கொடுமை நிகழ்ந்தது என்று கேட்பீர்களாயின், ஆம் என் செல்வங்களே, இக்காலையில்தான் நிகழ்ந்தது.

அவ்வூருக்கு அரசன் இல்லை; எனினும் அரசவைக்கு நிகரான ஓர் அவை உண்டு. கோயில் முற்றத்தில் கூடும் அவ்வவைக்குப் பெருந்தனக்காரராய், ஊர்த் தலைவராய், இருபத்திரண்டு ஆண்டுகள் வீற்றிருந்தவர் நாராயணசாமி. அவர் கை உயர்த்தினால் நூறு படகுகள் கரையில் நிற்கும். தாழ்த்தினால் நூறும் கடலில் இறங்கும். மகப்பேறு இல்லாத அவர், தம் தங்கை பாக்கியலட்சுமியின் கணவன் அம்மாவாசையைத் தம் வலக்கைபோல் வைத்திருந்தார். அவனோ வலக்கையாய் இருந்து இருந்து, தலையாக வேண்டும் என்னும் வேட்கையில் பல்லாண்டுகளாய் உள்ளே வெந்துகொண்டிருந்தான்.

விழாவுக்குக் காப்புக் கட்டிய நாளில், மீன் விற்கும் சின்னப்பாப்பாமேல் அம்மன் இறங்கினாள். கூந்தல் சுழல, கண் சிவக்க ஆடியவள், கூட்டத்தைப் பிளந்துவந்து அம்மாவாசையின் நெற்றியில் நீறு அப்பினாள்.

"டேய், தலைமை உன் வாசல்ல வந்து நிக்கப்போவுதுடா. தேர் நவுர்றதுக்கு முன்ன உன் பொண்டாட்டி பொறந்த ஊட்டுக் கோடியும் வந்து சேரும்."

கோடி என்றால் உடுத்தாத புதுத்துணி. சங்குமேட்டில் அது இரண்டு வேளைக்கு உரியது. பெருந்தனக்காரர் தமக்குப்பின் வரப்போகிறவனின் தலையில் தேர் நாளன்று கட்டுவதும் கோடியே. கணவன் இறந்தால் மனைவிக்கு அவள் பிறந்த வீட்டார் கொண்டுவருவதும் கோடியே. வாக்கின் முற்பகுதி தேனாய் இனித்தது. பிற்பகுதியோ நஞ்சாய் அவன் நெஞ்சில் இறங்கியது. பிறந்த வீட்டுக் கோடி எனில் தன் சாவுக் கோடியே என்று துணிந்தான். மனைவியின் பிறந்த வீட்டில் எஞ்சியிருப்பவர் அவள் அண்ணன் ஒருவரே. அவர் இல்லையேல் கோடி கொண்டுவரும் கை ஏது? தலைமையும் தடையின்றி வந்துவிடும். இவ்வாறு ஆசை ஒருபுறமும் அச்சம் ஒருபுறமும் நுகத்தடி பூட்டிய இரு காளைகளாய் அவனைக் கொலையை நோக்கி இழுத்துச் சென்றன.

காப்புக் கட்டிய எட்டாம் நாளாகிய அக்காலையில் நாராயணசாமியே அழைத்தார். "வாடா மாப்ள, நண்டுவலைய எடுத்தாந்துடலாம். உங்கிட்ட ஒரு சேதி சொல்லணும்."

கரை ஒரு கோடாய்த் தேய்ந்த தொலைவில் படகின் பொறியை நிறுத்தி, வலை இழுத்தபடியே அவர் சிரித்தார்.

"இன்னாடா, எட்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? என் தங்கச்சி சோறு போடலியா?"

"சோத்துக்கு இன்னா கொற மச்சான். தூக்கந்தான் வரல."

"இப்பவே தூங்கிக்க. அப்பறம் எங்க தூங்கப்போற? உனக்குக் கோடி எடுத்துட்டேன்டா."

அச்சொல் செவியில் விழுந்த நொடியில் துடுப்பு உயர்ந்தது. முதல் அடியில் மண்டை பிளந்தது. இரண்டாம் அடியில் தோளெலும்பு முறிந்து அவர் கடலில் சரிந்தார். சரிந்தவர் படகின் விளிம்பைப் பற்றி, குருதி வழியும் முகத்தோடு, "பாக்கியத்துக்கிட்ட குடுத்து..." என்று தொடங்கினார். அம்மாவாசை அவர் வாயைப் பொத்தினான். அவர் அவன் மணிக்கட்டைக் கவ்வினார். பொறியில் சிக்கிய முயல்போல் துடித்தவன், மறுகையால் நங்கூரக் கல்லை எடுத்து, விளிம்பைப் பற்றிய விரல்களை ஒவ்வொன்றாய் நசுக்கினான். பின் நெற்றியை நசுக்கினான். பற்கள் தளர்ந்தன. வலையில் கிடந்த நண்டுகள் செந்நீரில் ஊர்ந்தன.

படகு அலையில் கவிழப் பார்த்தது, மச்சானைக் காணோம் என்று கரையில் கதறினான், ஊரே கதறியது. வீட்டில் பாக்கியலட்சுமி நெஞ்சில் அறைந்துகொண்டு, மஞ்சள் தடவிய ஒரு புதுத்துணியை அவன்முன் போட்டாள்.

"கடலுக்கு எறங்கறதுக்கு முன்ன அண்ணன் வந்து குடுத்துட்டுப் போச்சுய்யா. தேரன்னிக்கு உன் தலையில தன் கையாலயே கட்டணும்னுச்சு. நீ வாயத் தொறக்காத, மாப்ளைகிட்ட நானே சொல்றேன்னுச்சு."

கேட்பவர்களே, அந்நொடியில் அவனுக்குள் இடிந்ததை எந்தச் சொல்லால் அளப்பேன்? கொன்று பறிக்கப் போனது, கொல்லுமுன்பே தன் வீட்டுக்குள் வந்து கிடந்தது. அவன் வாசலுக்கு ஓடினான். பின்தொடர்ந்து வந்தவள் அவன் கைக்காயத்தைக் கழுவினாள்.

"விலாங்கு கடிச்சிடுச்சு" என்றான்.

இரு வரிசைப் பற்குறிகளில் மேல்வரிசை நடுவே ஓர் இடைவெளி இருந்தது. இளமையில் துடுப்புப்பட்டு அண்ணன் இழந்த பல்லின் இடைவெளி அது. அவள் விரல் அங்கே நின்றது. பின் கட்டுப் போட்டாள்.

மறுநாள் உடல் ஒதுங்கியது. படகு மோதிய காயங்கள் என்றே ஊர் நம்பியது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பால் தெளித்தபின், அவை கூடியது. மூத்தவர் ஒருவர், அவள் வீட்டிலிருந்து எடுத்துவந்த கோடியைத் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினார்.

"உங்கண்ணன் எடுத்தது. உன் கையாலயே புருசனுக்குக் குடும்மா."

கொடுத்தால் கணவன் தலைவன், அவளும் தலைவி. கொடாவிட்டால் எஞ்சிய ஒரே துணையும் இல்லை. ஊர் முழுதும் நோக்க அவள் நடந்து சென்று, தட்டை மணலில் வைத்துவிட்டு, அவன் கைக்கட்டை அவிழ்த்தாள்.

"இது விலாங்குப் பல்லா, எங்கண்ணன் பல்லான்னு நீங்களே பாருங்க."

"துக்கத்துல இவளுக்குப் புத்தி கலங்கிடுச்சு" என்று அவன் சிரிக்க முயன்றான்.

"கலங்கல. நீயா சொல்லுவேன்னு மூணு நாள் குடுத்தேன்."

அவை கடலாய்ப் பொங்கியது. துடுப்புகள் இறங்கின, விலா முறியும் ஒலி கேட்டது, அவன் முகம் மணலும் குருதியும் குழைந்த சேறாயிற்று. பாக்கியலட்சுமி அவன்மேல் குறுக்கே விழுந்தாள். இரண்டு அடிகள் அவள் முதுகிலும் விழுந்தன.

"உசுரோட உடுங்க. செத்துட்டா தப்பிச்சுக்குவான். வாயால சொல்லட்டும்."

உடைந்த பற்களினூடே அவன் சொன்னான். "கோடின்னாரு. சாவுக்கோடின்னு நெனச்சிட்டேன்."

ஓங்கிய கைகள் ஓங்கியபடியே நின்றன. காவலர் வந்து அவனைத் தூக்கிச் சென்றனர்.

அன்பு ததும்ப உரைத்த சொல்லையும், ஆசையால் நோயுற்ற செவி கொலைச் சொல்லாகவே கேட்கும்; அச்செவிக்கு அம்மனின் வாக்கும் மருந்தாவதில்லை. சங்குமேட்டில் அவ்வாண்டு தேர் ஓடவில்லை. அண்ணனைப் புதைத்துவிட்டு, கணவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, பாக்கியலட்சுமி நெடுநாள் அழுதாள். அவ்வழுகையில் எத்துளி அண்ணனுக்கு, எத்துளி கணவனுக்கு என்று பிரித்தறிய அவளாலும் இயலவில்லை. நாமும் பிரிக்க முயல வேண்டாம்.