கண்ணாடியின் பின்பக்கம்

கட்டுப்பாட்டறைத் திரையில் அந்தப் பெருக்கல் குறிகளைப் பார்த்ததும் அவள் எண்ணிப் பார்த்தாள். ஒன்றல்ல, ஐந்து. வெற்றிட அறைக்குள், ஏணி என்று அவர்கள் அழைக்கும் உலோகப் பட்டையில், ஐந்து கண்ணாடித் துண்டுகளும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி அந்தத் துண்டுகளின் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பூச்சு. எந்தப் பக்கம் என்று பூசியவளுக்கே தெரியாது என்பதால், பூச்சில்லாத பக்கத்து மூலையில் ஊசியால் பெருக்கல் குறி கீறி வைப்பது வழக்கம். முடுக்கியிலிருந்து வரும் அயனிக்கற்றை, அவர்கள் பேச்சில் பீம், பூச்சின் மேல் விழ வேண்டும். பின்பக்கம் விழுந்தால் கண்ணாடியின் கனத்தில் நூறில் ஒரு பங்கு தாண்டுவதற்குள் படுத்துவிடும்; பூச்சை எட்டாது.

காலையில் சரியாகத்தான் ஒட்டியிருந்தாள். விருந்தினர் குழு வருகிறது, ஏணி மங்கலாக இருக்கிறது என்று இயக்குநர் அதைக் கழற்றித் துடைக்கச் சொன்னார். கடந்த பத்தாண்டுகளில் விஞ்ஞானத்துக்கு அவர் செய்த பங்களிப்பு பெரும்பாலும் துடைக்கச் சொன்னதுதான். திரும்ப ஒட்டக் கிடைத்தது பத்து நிமிடம். அவசரத்தில் கீறல் வெளியே தெரியும்படி ஒட்டிவிட்டாள். அதையும் எவ்வளவு நேர்த்தியாக!

பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த எட்டு மணி நேரம். நான்கு மணியோடு சரி. அவளுடைய ஆய்வுக் காலமும் இந்த மாதத்தோடு சரி. 'என் அம்மாவின் வேலை' என்ற தலைப்பில் மகள் பள்ளி நோட்டில் 'காத்திருப்பது' என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதற்குச் சரி போட்டிருந்தார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் ஆபரேட்டர்.

"அண்ணே, திருப்பி ஒட்டிட்டேன். அஞ்சையும்."

அவர் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. "திறந்து, ஒட்டி, மறுபடி காத்தை உறிஞ்ச மூணு மணி நேரம். அப்புறம் உனக்கு ரெண்டு மணி நேரம் பீம் வேணும். நாலு மணிக்கு மேல நீ யாரோ, மெஷின் யாரோ."

பக்கத்தில் இயக்குநர் விருந்தினர்களிடம், "அணுவோடு மனிதன் நேருக்கு நேர் உரையாடும் இடம் இது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் கொட்டாவியைப் பாதியில் வியப்பாக மாற்றினார். அவள் போய்க் காதோரம் சொன்னாள். இயக்குநரின் புன்னகை அப்படியே இருந்தது.

"பீம் படுதில்ல?"

"தப்பான பக்கத்துல படும், சார்."

"அது இவங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும், சார்."

"நீ கொஞ்சம் அந்தப் பக்கமா போய் நில்லும்மா."

பீமை விடும் பொத்தானை இயக்குநரே அழுத்தினார். திரையில் கண்ணாடி நீலமாக ஒளிர்ந்தது. கைதட்டினார்கள்.

"பத்து நிமிஷம் படம் காட்டிட்டு நான் திறந்துடறேன்," என்றார் ஆபரேட்டர், உதடு அசையாமல். "ஆனா உனக்குத் தேவையான நேரம் என்கிட்ட இல்ல. தாடிகிட்ட இருக்கு."

நான்கு மணிக்கு அடுத்த முறை, தாடி என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு ஆய்வு மாணவனுடையது. அவன் நடைபாதையில், மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான். அதற்குள் அவனுடைய துண்டுகள்.

"என்னக்கா, ஷோ முடிஞ்சுதா?"

சொன்னாள். அழாமல் சொன்னாள். "மூணு மணி நேரம் மட்டும் குடு தம்பி. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"விழாதீங்கக்கா. யார் கால்ல விழறதுன்னு தெரியாமதான் நானே இங்க உக்காந்திருக்கேன். என் சாம்பிளுக்கு எட்டு மணி நேரமே பத்தாது." டப்பாவை மடியில் நேராக்கிக்கொண்டு, "எனக்கும் இதான் கடைசி சான்ஸ்" என்றான்.

அவள் நகரவில்லை. உள்ளே மறுபடியும் கைதட்டல். அவன் நிமிர்ந்து பார்க்காமல் டப்பாவின் மூடியைக் கட்டைவிரலால் திறந்தான், மூடினான், திறந்தான்.