வெள்ளிக் கால்

றஞ்சிதத்துக்குக் கொழும்பில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அடுத்த ஆவணியில் அவள் நேர்த்திக்கடனாக உள்ளங்கை நீளமான வெள்ளிக் கால் ஒன்றைக் கொண்டுபோய் மடு மாதாவின் காலடியில் வைத்தாள். திரும்பி வந்த ஞாயிறு, பேசாலைக் கோயிலில் அவள் கணவன் வலன்ரைன் எழுந்து நின்று சாட்சி சொன்னான். டொக்டர்மார் வைத்தது வெறும் இரும்பும் பிளாஸ்ரிக்கும், நடக்கவைத்தது மாதா என்றான். சனம் அழுதது. மறுவருடம் அவனைக் கோயில் மூப்பர் ஆக்கினார்கள்.

அதன்பிறகு ஆவணிக்கு ஆவணி மடுவுக்கு நடைதான். சிலுவை பிடித்தபடி அவன் முன்னால் போவான். பின்னால் அவள். 'வெள்ளிக்கால் றஞ்சிதம்' என்று பெயரே ஆகிவிட்டது.

கொழும்புக்கும் வருடாவருடம் போனார்கள். நீர்கொழும்பு மீன்படகுச் சம்மாட்டிமாரோடு தொழில் செய்தவன் வலன்ரைன். சிங்களம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. டொக்டர் அவனோடு பேசுவார். அவள் டொக்டரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை டொக்டர் நெடுநேரம் பேசினார். எக்ஸ்ரே படத்தில் பேனையால் வளையம் வளையமாகக் காட்டினார்.

"என்னவாம்?" என்று பஸ்ஸில் கேட்டாள்.

"வடிவா இருக்காம். இனி வரத் தேவையில்லையாம்."

அன்று வீட்டுக்கு வந்து பால்புக்கை காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள்.

இந்த வருடம் கடற்கரை வாடியில் சூடைமீன் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கால் விட்டுவிட்டது. விழவில்லை, தடக்கவில்லை. எடுத்துவைத்த கால் உடம்பைத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தமுறை பார்த்தது தமிழ் டொக்டர், இளம் பெண். படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"அம்மா, இந்தக் கறுப்பைப் பாருங்கோ. மூட்டைச் சுத்தி..."

"பிளாஸ்ரிக் தேஞ்ச தூள்தானே, டொக்டர்," என்றான் வலன்ரைன். "தூளோட சண்டை பிடிக்கப்போய் உடம்பு தன்ர எலும்பையே தின்னுது. முதல்ல நோகாமலே தின்னும்."

டொக்டர் சிரித்தார். "ஐயா எனக்கே பாடம் எடுக்கிறார். ஆர் சொல்லித் தந்தது?"

அவன் குனிந்து அவளுடைய சக்கரக் கதிரையின் கால்தட்டைச் சரிசெய்தான்.

றஞ்சிதம் அவன் முகத்தைப் பார்த்தாள். தன் பிரஷர் குளிசையையே 'அந்தச் சின்ன வெள்ளை' என்று கேட்கிற மனுசன். இதெல்லாம் எங்கே படித்தான்? பேனை வளையங்கள் அவள் கண்ணுக்குள் வந்தன.

"இது எப்ப தொடங்கினது, டொக்டர்?"

"கன வருசமம்மா. அப்பவே வந்திருந்தா பிளாஸ்ரிக் கிண்ணத்தை மட்டும் மாத்தி, குழியளுக்கு எலும்பு வைச்சு அடைச்சிருக்கலாம். இப்ப இரும்பைப் பிடிச்சிருக்க எலும்பு காணாது. பெரிய ஒப்பிரேசன். செய்தாலும் முந்தி மாதிரி நடப்பியளோ எண்டு என்னால சொல்ல ஏலாது. கனதூரம் நடக்கிறனீங்களோ?"

"மடுவுக்கு," என்றாள்.

வெளியே, சக்கரக் கதிரையை அவன் மரநிழலில் நிறுத்தினான்.

"அந்தக் கொழும்பு டொக்டர் உங்களிட்டச் சொன்னவர், என்ன?"

"மாதாவுக்கு வெள்ளிக் கால் வைச்சாச்சு. திரும்பவும் வெட்டப்போறம் எண்டா சனம் என்ன கதைக்கும்? மாதா கைவிடமாட்டா எண்டு நினைச்சன்."

"மாதாவை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. உங்களுக்கு மூப்பர் பட்டம்."

"மெல்லக் கதை. ஆக்கள் பாக்கினம்."

மடு நடையில் முருங்கனைத் தாண்டும்போது சில வருடங்களாகவே தொடை கடுக்கும். சொன்னால் அவன் திரும்பிப் பார்ப்பான். "நேத்தி வைச்ச கால் நோகாது. விசுவாசம் குறைஞ்சாத்தான் நோகும். நட." அவள் நடந்தாள். மடுவுக்குப் போனதும் முழந்தாளில் நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு, தன் விசுவாசக் குறைவுக்காக மாதாவிடம் மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொரு வருடமும் கேட்டாள். பக்கத்தில் நின்று அவனும் 'ஆமென்' சொன்னான்.

"ஞாயிறு பூசை முடிய எழும்பி நிண்டு இதையும் சொல்லுங்கோ," என்றாள். "சாட்சி சொன்ன அதே இடத்தில."

"உனக்கென்ன விசரே? சொன்னா ஆர் என்னை இனி நம்புறது?"

"நான் நம்பினனான்."

ஞாயிறு அவன் முன்வரிசையில் இருந்தான். பூசை முடிந்தது. சுவாமி அறிவித்தல்களை வாசித்தார்: மடு நடைபயணம் வெள்ளி விடிய வெளிக்கிடும், விபரங்களுக்கு மூப்பர் வலன்ரைனைக் கேளுங்கள். அவன் எழவில்லை. சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி வரிசையில் சக்கரக் கதிரையில் இருந்த றஞ்சிதம் பக்கத்து வீட்டு மார்த்தாவின் கையைத் தொட்டாள்.

"என்னை முன்னுக்குக் கொண்டுபோய் விடு."

"என்னடி, சுவாமி நன்மை அப்பம் எல்லாம் குடுத்து முடிஞ்சுது."

"தெரியும். தள்ளு."

சக்கரம் கிரீச்சிட்டது. சனம் விலகி வழிவிட்டது. இந்தமுறை 'வெள்ளிக்கால்' தானே மாதாவுக்குச் சாட்சி சொல்லப்போகிறாள் என்று நினைத்து யாரோ கை தட்டத் தொடங்கினார்கள்.