வாண்டு கடித்த வெள்ளைக் காளான்

இரண்டு நாள் அடைமழை விட்டதும் லாரி டிரைவருக்குக் கையும் காலும் பரபரத்தன. வாரத்தில் ஒரே நாள் விடுமுறை. முந்தின நாள் போனில் ஏழெட்டு வீடியோ பார்த்து, காளான் விஷயத்தில் கரைகண்டவராகிவிட்டார்.

"எழுந்திருங்கடி! இன்னைக்குக் காளான் வேட்டை!"

எட்டு வயதுப் பெரியவள் துள்ளிக் குதித்து எழுந்தாள். ஐந்து வயதுச் சின்னவளை வீட்டில் எல்லோரும் வாண்டு என்பார்கள். அது செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அதற்குள் வாசலில் நின்றது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி கிளம்பும் அவசரத்திலும் கேட்டாள். "எது நல்லது, எது விஷம்னு தெரியுமாங்க உங்களுக்கு?"

"எல்லாம் அத்துப்படி! கலர் கலரா இருந்தா விஷம். வெள்ளையா இருந்தா கண்ணை மூடிட்டுச் சாப்பிடலாம்."

வாண்டு அதைக் கேட்டுக்கொண்டது.

வீட்டுக்குப் பின்னாலிருந்த தோப்பு ஈரத்தில் மினுமினுத்தது. "அப்பா, இங்க ஒண்ணு!" "இங்க ஒரு குடும்பமே இருக்கு!" பட்டுப்போன கட்டையில் காது காதாய், புல்லுக்குள் பொத்தான் பொத்தானாய், ஒரு மரத்தடியில் வெள்ளை வெளேரென்று. டிரைவரும் குழந்தையாகிச் சேற்றில் தவழ்ந்தார். கூடை நிரம்பியது.

மதியம் மனைவி சாப்பிட வந்த நேரத்தில் அவர் சமையலறையில் காளானைக் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காளான் ஒன்றில் சின்னஞ்சிறு பல் தடம்.

"யாருடி இதைக் கடிச்சது? உண்மையைச் சொல்லலைன்னா முதுகுத்தோலை உரிச்சிடுவேன்!"

இரண்டும் இல்லை இல்லை என்று தலையாட்டின. சரி, அணிலாக இருக்கும் என்று அவர் அடுப்பைப் பற்றவைத்தார். அப்போது பெரியவள் அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள்.

"வாண்டு பாதி தின்னுட்டாம்மா. சொன்னா அப்பா அடிப்பாருன்னு அழுவுறா."

மனைவி அடுப்பை அணைத்தாள். கத்தவில்லை. மீதிக் காளானைக் காகிதப் பையில் போட்டாள். "வண்டியை எடுங்க."

ஆஸ்பத்திரி போகும்வரை டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பத்து டன் பாரத்தோடு மலைப்பாதை இறங்கும்போதுகூட அவர் அப்படி ஓட்டியதில்லை.

டாக்டரம்மா காளானைத் திருப்பிப் பார்த்தார். "கலரை வச்சோ வீடியோவை வச்சோ கண்டுபிடிக்க முடியாதுங்க. ஆளைக் கொல்ற காளான்ல தூய வெள்ளையும் உண்டு. வயித்துவலி வரவே பல மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஈரல்ல கைவச்சிருக்கும். நல்லவேளை, உடனே வந்தீங்க. கையோட காளானையும் கொண்டுவந்தீங்க. குழந்தை தின்னதை யார் சொன்னது?"

பெரியவள் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

"நீயா கண்ணு? உன் தங்கச்சியைக் காப்பாத்துனது நீதான்."

மருந்து, ஊசி, ரத்தப் பரிசோதனை என்று மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் காலை, "ஈரல் நல்லா இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டரம்மா. வாண்டு கட்டிலில் நின்று ஆடியது. டிரைவர் பெரியவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து விசிலடித்தார். அப்புறம் அவளை இறக்கிவிட்டுக் கேட்டார். "அப்பாகிட்ட ஏம்மா சொல்லலை?"

"நீங்க கத்துனீங்களேப்பா."

அடுத்த மழைக்கும் வேட்டை நடந்தது. தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். இந்தத் தடவை கூடை கிடையாது, வரைய நோட்டும் படமெடுக்கப் போனும்தான். "ஐயோ, ஆரஞ்சு கலர்!" "இது குடை மாதிரி!" என்று தோப்பே அலறியது.

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனை அதட்டினார். "டேய், வாயில கீயில வச்சே, தொலைச்சிடுவேன்!"

டிரைவர் அவர் கையைப் பிடித்தார். "அப்படிச் சொல்லாதீங்க சார். நானும் அப்படித்தான் கத்துனேன், என் பொண்ணு உயிருக்கே வந்துச்சு. நிச்சயமாத் தெரியாத காளானைத் திங்கக் கூடாதுன்னு சொல்லிக்கொடுத்தா பாதிதான் சார். தப்பித்தவறித் தின்னுட்டா, பயப்படாம ஓடிவந்து சொல்லலாம்னு புள்ளைங்க நம்பணும். அந்த நம்பிக்கையை நாமதான் கொடுக்கணும்."