கம்பி தெரிந்த ஈறு

சுனந்தாவின் கீழ்வரிசை முன்பல் ஒன்றில் ஈறு இறங்கிக்கொண்டே போனது. பல் நீண்டு, வேர் வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு பல்லுக்கா இத்தனை பெரிய கதை என்று சிரிக்காதீர்கள், கண்ணுகளா. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அவள் ஊர் ஜைனர் கோயிலில், பொழுது சாயுமுன் தினமும் அறக்கதை வாசிப்பவள் அவள்தான். கழனியிலிருந்து வந்தவர்கள் கால் கழுவித் தூணில் சாய்ந்து, அவள் குரலில் கண்ணை மூடி வேறெங்கோ போய்விடுவார்கள். அந்தப் பல் போனால் சொல்லோடு காற்றும் கலந்துவிடும். அப்புறம் வாசிப்பு ஏது?

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம். திருவண்ணாமலையில் பல் டாக்டர் நசீர் அகமது, மெல்லிய கம்பி ஒன்றை அவளுடைய பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக நுழைத்து, கையில் கண்ணாடியைக் கொடுத்தார்.

“கம்பி தெரியுதா பாருங்கம்மா?”

தெரிந்தது. ஈறுக்குப் பின்னால், பனிக்குள் நிற்கும் ஆள் மாதிரி, சாம்பல் நிறமாக.

“ஈறு தடிப்பா இருந்தா தெரியாது. உங்களுக்கு ரொம்ப மெல்லிசு. இப்படியே விட்டா இன்னும் இறங்கி, பல்லு ஆடிடும். உங்க மேலண்ணத்துலேர்ந்தே நகத்தளவு சதை எடுத்து இங்க வச்சுத் தைச்சா நிக்கும்.”

சுனந்தா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

“சதையா? நாங்க முட்டைகூடத் தொடாதவங்க டாக்டர். தூக்கத்துல தையல் விட்டு, அது தொண்டைக்குள்ள போயிடுச்சுன்னா?”

“என்னைத்தான் தினம் முழுங்கறியே, அப்போ விரதம் எங்க போச்சு?” என்றான் கணவன் தன்யகுமார்.

“நீங்க சும்மா இருங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. “செத்ததை வைக்கறதில்லம்மா. நாத்து புடுங்கி நடறீங்களே, அப்படித்தான். உயிரோட எடுத்து உயிரோட வைக்கறது.”

“செத்துப்போச்சுன்னா?”

“நானே எடுத்துடறேன். பல்லு போனாலும் போகட்டும்னு எடுத்துடறேன். போதுமா?”

அந்த வாக்குக்காகத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

தைத்து முடித்து வீடு வந்தபின் மூன்று நாள் ஆறிய கஞ்சியும் மௌனமும். கண்ணை மூடினால் வாய்க்குள் ஒரு வயல். முழங்காலளவு தண்ணீர், நடுவில் ஒற்றை நாற்று. காற்றே இல்லை, ஆனாலும் அது அசைகிறது. பிடுங்கிக்கொண்டு போய்விடுமோ என்று அவள் தண்ணீரில் நடக்கிறாள். கிட்டப் போகப் போக வயல் அகன்றுகொண்டே போகிறது.

நான்காம் நாள் விடியலில் கண்ணாடி பார்த்தாள். நட்ட இடம் வெளுத்துக் கிடந்தது, ஊறின அவல் போல. செத்த சதை! செத்ததை வாயில் வைத்திருக்கிறோமே! அதன்பின் அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுங்கவில்லை. துண்டை வாயில் அழுத்தியபடி பஸ் ஏறினாள். ஜன்னலில் மலை, தரையைத் தொடாமல் மேகத்தில் மிதந்து கூடவே வந்தது.

“எடுத்துடுங்க,” என்றாள் டாக்டரிடம். “பல்லு வேணாம்.” சொல்லிவிட்டு அழுதாள்.

நசீர் அகமது இடுக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார். வாக்கு, வாக்குதானே. பிறகு பஞ்சை நனைத்து அந்த வெள்ளையை மெல்ல ஒற்றினார். மெல்லிய தோல் ஒன்று பஞ்சோடு வந்தது.

“செத்தது இவ்வளவுதான், எடுத்துட்டேன். இப்போ பாருங்க.”

தோலுக்கு அடியில், ஓரத்திலிருந்து உள்நோக்கி, முடியிழை மாதிரி சிவப்புக் கோடுகள் ஓடியிருந்தன.

“ரத்தம் வந்துடுச்சு. வேர் புடிச்சிடுச்சும்மா.”

சுனந்தா வெகுநேரம் கண்ணாடியை இறக்கவில்லை. பிறகு, “கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?” என்றாள்.

புரட்டாசியில் மறுபடி அதே நாற்காலி, அதே கம்பி.

“கம்பி எங்க டாக்டர்?”

“உள்ளதான் இருக்கு.”

ஈறு இளஞ்சிவப்பாக, ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது. தன்யகுமார் குனிந்து பார்த்துவிட்டு, “ஈறைத் தடிப்பாக்கிட்டீங்க, நாக்கைக் கொஞ்சம் மெல்லிசாக்கிடுங்க டாக்டர்,” என்றான்.

அவள் அதற்குள் வாசலில் இறங்கியிருந்தாள். “வாங்க சீக்கிரம், நாலு மணி பஸ் போயிடும். பொழுது சாயறதுக்குள்ள கோயில்ல எல்லாரும் வந்து உக்காந்துடுவாங்க.”