ஓடுபாதையின் பழைய எண்

ஓடுபாதையின் தெற்கு முனையில் பதினொரு பேர் ஒரு தார்ப்பாயை நான்கு கம்பிகளில் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நைல் பக்கத்து வெயில் அப்படி. போன வாரம் அவர்களில் ஒருவனான ஷெனூதா தரையில் வைத்த முட்டை வெந்ததோடு நிற்காமல், உப்பு எங்கே என்று கேட்டதாகப் பேச்சு. நிழலுக்குக் கூடாரம் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. கூடாரம் வந்துகொண்டே இருந்தது. நடந்தே வருகிறது போலும்.

தார்ப்பாய்க்கு உண்மையில் வேறு வேலை. பாதையின் முதல் ஒரு கிலோமீட்டரைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். விமானங்கள் அதைத் தாண்டி, புதிதாக எழுதிய எண்ணைப் பார்த்து இறங்க வேண்டும். முனையில் தோண்டாமல் விட்டிருந்த பழைய எண்ணை அழிக்கக் கறுப்புப் பெயின்ட் வரும்வரை, தார்ப்பாய் விரித்துக் கல் வைத்து மூடுவது பகீத்தின் பொறுப்பு. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அதை நிழலாக்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் விமானம் கிடையாது.

அன்று பகீத்துக்கு ரொட்டி இறங்கவில்லை. கெய்ரோவிலிருந்து வரும் இரண்டு மணி விமானத்தில் அவன் மனைவி தஹிய்யா வருகிறாள். குவைத்தில் ஒரு வீட்டில் சமையல், நாலு வருடமாகிறது. எஜமானியம்மா தன் சின்ன மகளோடு பழைய கோவில்களைப் பார்க்க வருகிறாள். தஹிய்யாவுக்கு ஒரே ஓர் இரவு வீட்டுக்குப் போய்வர அனுமதி.

"கட்டில நேத்து மூணு தடவை இடம் மாத்திப் போட்டியாமே," என்றான் ஷெனூதா. "வர்றது ஒருத்தியா, ஒரு பட்டாளமா?"

விமானம் கொஞ்சம் சீக்கிரம் வரட்டும் என்று பகீத் காலையிலிருந்து துஆ கேட்டுக்கொண்டிருந்தான். நாலு வருடத்து வேண்டுதல்களில் அது ஒன்றுதான் உடனே பலித்தது. பின்காற்று அடித்தது, ஒன்றேமுக்காலுக்கே வானத்தில் இரைச்சல்.

விமானம் பழைய எண்ணைக் குறிவைத்து நேராக இறங்கி வந்தது. எண்ணுக்கு அந்தப் பக்கம் பள்ளமும் மண்மேடும்.

பகீத் கம்பிகளைப் பிடுங்கினான். தார்ப்பாய் காற்றில் உப்பிக்கொண்டு தரையில் படிய மறுத்தது. அதை விட்டுவிட்டு, தலைக்குமேல் இரண்டு கைகளையும் குறுக்கே வீசியபடி விமானத்தைப் பார்த்து ஓடினான். பத்துப் பேரும் பின்னால் ஓடினார்கள். விமானம் அவர்கள் ரொட்டிகளைப் பறக்கவிட்டு, உறுமிக்கொண்டு மேலேறியது. இரண்டு வட்டம் அடித்தது. பிறகு கெய்ரோவுக்குத் திரும்பிவிட்டது.

எஞ்சினியர் ரஷாத் அறிக்கை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் தொழிலாளர் அலட்சியம். கூடாரத்துக்கு அதில் கட்டம் இல்லை. பகீத் கீழே கைநாட்டு வைத்தான்.

நாலு மணிக்குத் தஹிய்யா போனில் கூப்பிட்டாள். எஜமானியம்மா பயந்துவிட்டாளாம். விடிந்ததும் கெய்ரோவிலிருந்தே குவைத்துக்குத் திரும்புகிறார்களாம். இனி இருப்பது இரவு ரயில்தான்; அதில் ஏறினாலும் பகீத் போய்ச்சேர விடிந்து வெகுநேரமாகும்.

"கீழ ஆளுங்க ஓடினாங்களாமே, நீயும் இருந்தியா?"

"முன்னால ஓடினது நான்தான். நீ பாக்கலையா?"

"சின்னம்மா ஜன்னல் சீட்டு வேணும்னு அழுதா. எழுந்து குடுத்துட்டேன். முன்னால ஓடின ஆளுக்கு டாட்டா காட்டுறேன்னு, ரொம்ப நேரம் கையாட்டிட்டே வந்தா."