பன்னிரண்டடித் தகரம்

புயல் போன பிறகு, ஃபிஜித் தீவுகளில் லம்பாசா பக்கம் கூரைத் தகரம் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. தலைநகர் சூவாவிலிருந்து கப்பல் வந்தால் காலையில் கடையில் இறங்கும். மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

பிசுன் தேவ் வீட்டில் நான்கு சுவரும் நின்றன. கூரை மட்டும் கரும்புக் காட்டைத் தாண்டி ஆற்றில் கிடந்தது. மூன்று வாரமாக அவனும் மனைவி கலாவதியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஒரு நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தார்கள். காற்றடித்தால் அது படபடவென்று அறையும். மழை பெய்தால் நடுவில் தண்ணீர் தொட்டி போலத் தேங்கி, எங்கேயாவது கிழிந்து கொட்டும். சின்னவளுக்குப் பிடித்த இருமல் நெஞ்சோடு தங்கிவிட்டது. முதல் வாரம் கலாவதி அவனோடு சண்டை போட்டாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் இருந்ததுதான் பிசுனுக்குத் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில், ஊரில் செல்போன் கோபுரம் விழுந்து கிடந்ததால், கடைக்காரன் பேருந்து ஓட்டுநரிடம் சொல்லியனுப்பியிருந்தான். "பதினாலு தகரம் ஒதுக்கி வெச்சிருக்கேன். இன்னிக்கு எடுக்கலேன்னா அடுத்தவனுக்குக் கொடுத்துடுவேன்."

லாரிகள் எல்லாம் நிவாரண வேலைக்குப் போயிருந்தன. பிசுனிடம் இருந்தது ஒரு பழைய கொரோலா கார். அவன் ஓடையைத் தாண்டி எதிர்க்கரைக் கிராமத்துக்குப் போய் வைசாகேயைக் கூப்பிட்டான்.

வைசாகே ஃபிஜியின் பூர்வகுடி. பிசுனின் வயலில் வருஷா வருஷம் கரும்பு வெட்ட வருகிறவன். இந்தி பேசினால், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர்கள் அவனையும் பிசுன் மாதிரி இந்திய வம்சம் என்றே நினைப்பார்கள். இளவயதில் ரக்பி ஆடிய உடம்பு. வாசலில் நின்றால் வெளிச்சம் வராது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வைசாகேயின் வீட்டிலும் கூரை இல்லை. அவன் குடும்பம் தேவாலயக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் பிசுன் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

கடைவாசலில் தகரத்தை எடுத்துக் கொடுத்த ஆள் காரைப் பார்த்துச் சிரித்தான். "இதுலயா? பன்னெண்டடித் தகரம் ஐயா. காரை வேணா தகரத்து மேல ஏத்திட்டுப் போங்க."

"நீ எடுத்துக் குடு. ஏத்துறது எங்க கவலை," என்றான் வைசாகே.

கார் கூரையில் சாக்கை மடித்துப் போட்டு, குறுக்கே இரண்டு ரீப்பர் கட்டை வைத்து, அதன்மேல் தகரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கார் முனகிக்கொண்டு கொஞ்சம் தாழ்ந்தது. முன்னால் தகரம் எஞ்சின் மூடிக்கு மேலே மூக்கை நீட்டியது. பின்னால் டிக்கிக்கு மேலே தொங்கியது. நான்கு கதவையும் சாத்திவிட்டு, நைலான் கயிற்றை ஒரு ஜன்னலுக்குள் விட்டு மறு ஜன்னலில் எடுத்து, மேலே சுற்றி, திரும்ப உள்ளே கொண்டுவந்து இழுத்து முடிச்சுப் போட்டார்கள்.

வைசாகே முன்பக்கம் போய்த் தகரத்தின் நுனியைத் தூக்கிப் பார்த்தான். அது லேசாக எழும்பியது.

"மச்சான், முன்னால பம்பருக்கும் ஒரு கட்டு போடணும்டா. காத்து உள்ள பூந்தா இது றெக்கை மாதிரி தூக்கிடும்."

"கயிறு தீந்து போச்சு."

"உள்ள போய் வாங்கிட்டு வா."

கல்லாவில் நின்ற வரிசை தெருவரைக்கும் வந்திருந்தது. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. பிசுன் இரண்டையும் பார்த்தான்.

"அந்த வரிசைல நின்னா மழை வந்துடும். மெதுவாத்தானே போகப் போறோம்? நீ அந்தப் பக்கம் கையை வெளிய விட்டுப் புடிச்சுக்க. நான் இந்தப் பக்கம் புடிச்சுக்கறேன்."

வைசாகே இன்னொரு தடவை நுனியைத் தூக்கிப் பார்த்தான். "சரி, உன் தகரம், உன் இஷ்டம்," என்றான்.

கதவுகளைக் கயிறு கட்டிப் போட்டிருந்ததால் ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். பிசுன் நுழைந்துவிட்டான். வைசாகே பாதியில் மாட்டிக்கொண்டான். கடையில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் பின்னாலிருந்து தள்ளினான்.

"தலை வந்துடுச்சு, இன்னும் கொஞ்சம் முக்கும்மா!" என்று யாரோ கத்த, வைசாகேயே ஜன்னலில் தொங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். புயலுக்குப் பிறகு அந்தத் தெருவில் அவ்வளவு சத்தமாக யாரும் சிரித்ததில்லை.

பாதித் தொலைவு ஒன்றும் ஆகவில்லை. பிசுன் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினான். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையை வெளியே நீட்டித் தகரத்தின் ஓரத்தைப் பிடித்திருந்தார்கள். வைசாகே தன் வீட்டுக்குத் தகரம் வரும்போது இந்தக் காரையே அனுப்பச் சொல்லிக் கேலி பண்ணிக்கொண்டு வந்தான். மேடு தாண்டியதும் கரும்பெல்லாம் படுத்துக் கிடந்த வெட்டவெளி. கடலிலிருந்து காற்று நேராக வந்தது. எதிரே ஒரு பேருந்து அவசரமாக வந்து உரசினாற்போலக் கடந்து போனது.

அந்தக் காற்றில் தகரத்தின் முன்பக்கம் எழும்பியது. மேலே இருந்த இரண்டு தகரம் கயிற்றிலிருந்து நழுவிப் பின்னால் ஓடின. வைசாகே விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தான். பிசுன் பிரேக்கை மிதித்தான். பின்னால் போன தகரம் மறுபடி முன்னால் பாய்ந்தது.

வைசாகே கத்தவில்லை. "ஓ" என்று ஏதோ மறந்ததை நினைத்துக்கொண்டவன் மாதிரி சொன்னான். கையை உள்ளே இழுத்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உட்பக்கம் திறந்து கிடந்தது. ரத்தம் அவன் மடியில் கொட்டியது.

பிசுன் தன் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றிக் கட்டினான். சட்டை உடனே சிவந்தது. அதன்மேல் இருக்கையில் விரித்திருந்த துணியை உருவி இன்னொரு கட்டுப் போட்டான். ஜன்னல் வழியாக வெளியே குதித்து முடிச்சைத் தேடினான். கயிறு கம்பியாக இறுகியிருந்தது. கரும்பு வெட்டும் கத்தி டிக்கியில் இருந்தது. தகரம் மேலே தொங்கியதால் டிக்கி மூடி ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை.

சாலைக்கு மேலே ஒரு வீடு தெரிந்தது. குரல் கொடுத்தால் யாராவது கத்தியோடு வருவார்கள். கயிற்றை அறுத்துத் தகரத்தைப் பள்ளத்தில் தள்ளிவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பறந்துவிடலாம். இதெல்லாம் பிசுனுக்கு அப்போதே தோன்றியது. தோன்றாமல் இல்லை. கூடவே இன்னொன்றும் தோன்றியது. சாலையோரம் தகரத்தைப் போட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது ஒன்றுகூட இருக்காது.

அவன் நிற்பதை வைசாகே பார்த்துக்கொண்டிருந்தான். "தகரத்தை விட்டுடாதடா மச்சான்," என்றான். "வெறும் வெட்டுக் காயம்தான். கரும்பு வெட்டறப்ப வாங்காத வெட்டா? வண்டியை எடு. அங்க கலாவதி அந்தப் பாய்க்கு அடியில உக்காந்துட்டிருக்கா."

பிசுனுக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. நழுவிய தகரங்களைத் தள்ளிச் சரிசெய்தான். காரைத் திருப்பி நகரத்து ஆஸ்பத்திரியை நோக்கி ஓட்டினான்.

வேகமாக ஓட்ட முடியவில்லை. கொஞ்சம் மிதித்தால் தகரம் தடதடவென்று அடித்தது. மெதுவாக்கினால் பக்கத்தில் சொட்டுகிற சத்தம் கேட்டது. மழை பிடித்துக்கொண்டது.

"கையை மேல தூக்கி வெச்சுக்கடா."

"தூக்கித்தான் வெச்சிருக்கேன்."

அவன் தூக்கியிருக்கவில்லை. கை மடியில்தான் கிடந்தது. கொஞ்ச நேரம் மகனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினான். அப்புறம் ஃபிஜி மொழியில் செரெயானாவிடம் பேசினான்; அவள் அவன் மனைவி, காரில் இல்லாதவள். அப்புறம் குளிருகிறது என்றான். அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை.

"மச்சான்! டேய்! ஏதாவது திட்டுடா!"

பதில் இல்லை. பிசுன் காரை நிறுத்தி, ஜன்னலில் இடுப்புவரை வெளியே வந்து, பக்கத்தில் தெரிந்த வீட்டைப் பார்த்துக் கத்தினான். ஒரு பெண் மழையில் ஓடி வந்தாள். கையில் கத்தி. காருக்குள் பார்த்தாள். ஒரே வெட்டு. கயிறு தெறித்தது. இரண்டு பேரும் சேர்ந்து தள்ள, தகரம் முழுவதும் பெருஞ்சத்தத்தோடு பள்ளத்தில் சரிந்தது. காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் பின்னால் ஏறி, வைசாகேயின் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பிசுன் அந்தக் காரில் அதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் நான்கு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே வந்த டாக்டர் பிசுனின் வெற்று மார்பில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்து அவனுக்கும் அடிபட்டிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டாள்.

போலீஸ் விசாரித்துவிட்டு விபத்து என்றது. கிராமத்திலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காரக் கொட்டகை போட வேண்டும். மூங்கில் இருந்தது, மேலே போடத் தகரம் இல்லை. கத்தியோடு வந்த அந்தப் பெண்ணே சொல்லியனுப்பினாள். பள்ளத்தில் கிடந்த தகரத்தையெல்லாம் அவளும் அவள் புருஷனும் பொறுக்கித் தங்கள் தாழ்வாரத்தில் கல் வைத்து அடுக்கியிருந்தார்கள். பதினாலும் இருந்தன. செரெயானாவின் தம்பி எபெலி பிசுனிடம் வந்து, கொட்டகைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். பிசுன் தலையை ஆட்டினான்.

அடக்கத்துக்கு முந்திய நாள், பிசுன் தன் குடியிருப்புப் பெரியவர் இருவரோடு கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டும், அவர்கள் வழக்கப்படி மன்னிப்புக்கு வைக்கிற ஒரு திமிங்கலப் பல்லும் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனான். வாசலிலேயே தலை குனிந்து உட்கார்ந்தான். அடிப்பார்கள் என்று நினைத்திருந்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்திருந்தான். யாரும் அடிக்கவில்லை. ஊர்ப்பெரியவர் பல்லைக் கையில் வாங்கிக்கொண்டு, மனஸ்தாபம் இத்தோடு புதைந்தது என்றார். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மூன்று தடவை கைதட்டினார்கள். அதே தகரத்துக்கு அடியில் பாயில் உட்காரவைத்து, கொட்டாங்குச்சியில் யங்கோனா கொடுத்தார்கள். மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே விழவில்லை.

பெண்கள் பக்கத்தில் செரெயானா கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தாள். அவனைக் கூப்பிட்டாள்.

"வெட்டுப்பட்டதும் அவரு என்ன சொன்னாரு?"

"தகரத்தை விட்டுடாதன்னு சொன்னான். கலாவதி காத்துட்டிருக்கா, வண்டியை எடுன்னான்."

"அப்படித்தான் சொல்லுவாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு எழுந்திருக்கலாம். பிசுனால் முடியவில்லை. "நான் அங்கயே தகரத்தைத் தள்ளிட்டு வந்திருக்கணும் அக்கா. எனக்குத் தோணுச்சு. தோணியும் தள்ளலை."

செரெயானா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு அப்படித்தான் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதா? பத்து வருஷமா மச்சான் மச்சான்னு கூப்பிட்டியே, உனக்குத் தெரியாதா?" குரலை உயர்த்தாமலே கேட்டாள். "சொன்னாருன்னா நீ கேட்டுக்குவியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துக்க நாட்கள் முடிந்து கொட்டகையைப் பிரித்ததும் தகரத்தை ஒரு லாரியில் கொண்டுவந்து பிசுனின் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். கழுவி அனுப்பியிருந்தார்கள். பிசுன் அதைத் தொடாமல் நாட்களைத் தள்ளினான்.

ஒரு காலையில் கலாவதி வாயைத் திறந்தாள். "எனக்கும் அதைப் பாக்கவே முடியலை. அதுக்காகப் புள்ளைங்க நெஞ்சு அடைச்சு சாகணுமா? ஏத்து."

ஒற்றை ஆளாகப் பன்னிரண்டடித் தகரத்தை ஏற்ற முடியாது. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை தாழ்ந்து மண்ணில் இடித்தது. கலாவதி கீழேயிருந்து தாங்கப் பார்த்தாள். காற்று அவளையும் சேர்த்துத் தள்ளியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரவர் கூரை வேலையில் இருந்தார்கள்.

அப்போது எபெலி ஓடையைத் தாண்டி வந்தான். யாரையும் பார்க்கவில்லை. ஏணியில் ஏறி எதிர்முனையில் உட்கார்ந்துகொண்டான்.

"எபெலி..."

"நீ பேசாத. எனக்கு உன் வீட்டுக்கு வர இஷ்டமில்லை. அந்த வீட்ல கொழந்தைங்க இருக்கு, போன்னு அக்கா அனுப்பினா. அதுக்குத்தான் வந்தேன். புடி."

பொழுது சாய்வதற்குள் பதினாலு தகரத்தையும் அடித்து முடித்தார்கள். சுத்தியல் சத்தம்தான் இருந்தது. கலாவதி டீயும் ரொட்டியும் கொண்டுவந்து ஏணிக்குக் கீழே வைத்தாள். எபெலி இறங்கி, அதைத் தாண்டி நடந்து போனான். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

சின்னவளின் இருமல் அந்த மாதத்திலேயே நின்றது. செரெயானா அதற்கப்புறம் ஓடைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. அடுத்த வருஷம் கரும்பு வெட்டுக்கு அந்தக் கிராமத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்; வேலையை ஒழுங்காகச் செய்தார்கள்; பிசுனை ஐயா என்று கூப்பிட்டார்கள்.