யாரும் மோதாத ஆட்டம்

கோச் குப்கா திரும்பி வருகிறார் என்று ரேடியோவில் சொன்ன அன்று வெர்லினுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால், பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டதும் ஊரை அம்போவென்று விட்டுப் போன மனுஷன்தான். ஆனால் நெப்ராஸ்கா சோளக்காட்டு நடுவே கிடக்கும் அந்தச் சின்னக் கல்லூரிக்கு அமெரிக்கக் கால்பந்தில் ஒரே ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தானே. அந்த அணியில் குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டராக ஆடியவன் வெர்லின். அவனுக்கு எங்கிருந்து கோபம் வரும்?

இப்போது அதே இடத்தில் அவன் மகன் டேட். கடைசி வருஷம். வேறொரு கல்லூரி அவனை ஆசையாகக் கூப்பிட்டது. “போகாதடா, குப்கா கையில ஒரு வருஷம் ஆடினா ஆயுசுக்கும் போதும்” என்று வெர்லின்தான் பிடித்து நிறுத்தினான்.

அக்டோபருக்குள் ஐந்து தோல்வி. கோச்சுடைய பழைய வித்தையெல்லாம் எதிராளிகளுக்கு மனப்பாடமாகியிருந்தது. “ஆளு வந்துட்டாரு, ஜெயிக்கிறதை அங்கேயே மறந்து வச்சிட்டு வந்துட்டாரு” என்று தீவனக் கடையில் சிரித்தார்கள். வெர்லின் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினான். ரோஷத்துக்கு மட்டும் அவனிடம் குறைச்சல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சில்லி என்கிற பீன்ஸ்-கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை இனிப்பு ரோலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டேட் சொன்னான். “முட்டி சரியில்லப்பா. டாக்டர் ரெண்டு வாரம் உட்காருங்கறார்.”

“கோச் என்ன சொன்னார்?”

“உன் இஷ்டம்னார்.”

வெர்லின் சிரித்துவிட்டான். “மக்கு! உன் இஷ்டம்னா ஆடுன்னு அர்த்தம்டா. உனக்குத் தில் இருக்கான்னு பார்க்கிறார். என்கிட்டயும் அப்படித்தான் கேட்பார். நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்ல.”

டேட்டின் அம்மா ஜானெல் கரண்டியை டக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். டேட் அடுத்த சனிக்கிழமை ஆடினான். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் இரண்டு தடியர்கள் ஒன்றாக அவன்மேல் விழுந்தார்கள். முட்டி உடைந்த சத்தம் கேட்டதாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். இனி ஓடவே முடியாது என்றார் டாக்டர்.

நவம்பரில், சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். கடைசி வருஷப் பையன்களைப் பெற்றவர்கள் கைபிடித்து மைதானத்துக்குள் கூட்டிப்போகும் நாள். அடிபட்டவனையும் ஒரே ஒரு பந்துக்கு மட்டும் ஆடவிடுவார்கள். இரண்டு அணிக் கோச்சுகளும் பேசிவைத்துக்கொள்வார்கள், யாரும் மோத மாட்டார்கள்.

“எனக்கு வேண்டாம்ப்பா,” என்றான் டேட்.

“ஊரே உன்னைப் பார்க்க வருதுடா!”

டேட் போய்ச் சீருடையை மாட்டிக்கொண்டான்.

கோட்டோரத்தில் கோச் வெர்லினிடம் வந்து நின்றார். ஒரே வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

“வெர்லின், உன் பையன் ஏன்டா அன்னிக்கு ஆடினான்?”

“நீங்கதானே கோச், உன் இஷ்டம்னீங்க?”

“நிஜமாத்தான்டா சொன்னேன்.” கிழவரின் குரல் உடைந்தது. “அந்தக் காலத்துல அப்படிச் சொல்லிச் சொல்லி எத்தனை முட்டியை ஒடச்சிருக்கேன். இந்தத் தடவை திருந்தி வந்தேன்டா. அவன் உட்காரணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். ஆடறேன்னு வந்து நின்னப்ப நானே உட்காருன்னு சொல்லியிருக்கணும். தோத்துக்கிட்டே இருந்தேனா… வாயைத் திறக்கல.”

டேட்டை ஆடச் சொல்லி வாயைத் திறந்தவன் வெர்லின்தான்.

மைதானத்தில் டேட் நொண்டிப் போய், வலிக்கிற காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு பாதி குனிந்து, பந்தைப் பின்னால் கொடுத்தான். வாங்கியவன் உடனே மண்டியிட்டு அந்த ஒரு பந்தை அதோடு முடித்தான். எதிர்ப்பக்கத் தடியர்கள் அசையாமல் நின்று கைதட்டினார்கள். ஊரே எழுந்து நின்று கத்தியது, பெண்கள் அழுதார்கள்.

டேட் அந்தப் பந்தை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். கோச் இரண்டு கையையும் நீட்டினார். டேட் அவரைத் தாண்டி அப்பாவிடம் வந்தான்.

“இந்தாப்பா. நீ கேட்டது.”

குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் வெர்லினால் தாங்க முடியவில்லை. டேட் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தான்.

அன்றைக்கும் தோற்றார்கள். கூட்டம் கலைந்த பிறகும் வெர்லின் பந்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். அதை எந்த முகத்தோடு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதென்று அவனுக்குத் தெரியவில்லை.